முந்நூற்று ஏழு

9 மார்ச் 1987, திங்கள்

துறைக் கூட்டம். துறைத் தலைவி செண்பகவல்லி அக்கா வருகிற ஏப்ரல் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார். அவருக்கு எண் சூட்டும் பொறுப்பு ஜெஸிந்தாவுக்குப் போய்விட்டது. கொடுத்தது அக்காவேதான். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

எங்கள் கணிதத் துறையில் பொன்னாடை போர்த்துவது கிடையாது. ஓய்வு பெறுகிறவருக்கென்று ஒரு பெரிய எண்ணைத் தேடிப் பிடித்து, அதன் குணங்களை மேடையில் வாசிப்போம். வாசித்து முடிந்ததும் தலைமை வகிப்பவர் "மறுப்பு உண்டா?" என்று கேட்பார். சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து கரும்பலகையில் தப்பை நிரூபிக்கலாம். இதுவரை யாரும் எழுந்ததில்லை. அப்புறம் அந்த எண்ணை மரப்பலகையில் எனாமல் பெயின்டால் எழுதித் துறைச் சுவரில் மாட்டுவோம். பாளையங்கோட்டையில் வேறெந்தக் கல்லூரியிலும் இப்படி ஒரு கிறுக்கு இல்லை. சுவரில் தொங்கும் பலகைகளில் பாதிக்கு மேல் நான் கண்டுபிடித்தவை.

அக்காவுக்காக நான் 33550336 என்ற எண்ணை வைத்திருந்தேன். தன்னைத் தவிர மற்ற வகுத்திகளை எல்லாம் கூட்டினால் தானே வருகிற நிறை எண்களில் ஐந்தாவது. கூட்டத்துக்கு முன்னால் அவர் அறையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அது எல்லாப் புத்தகத்துலயும் இருக்கேளா ஆவுடை" என்றார். "எனக்குன்னு ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்லா? அதுவும் போக, அடுத்த தலைவி நீதான். நீ தலைமை வகிக்கணும். எண்ணையும் நீயே வாசிச்சா, மறுப்பு உண்டான்னு யாரு கேக்கது?"

நியாயமான பேச்சுத்தான். ஜெஸிந்தா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

சாயங்காலம் ரேஷனில் பாமாயில் போட்டார்கள். வாங்கி வந்தேன்.

11 மார்ச், புதன்

ஜெஸிந்தா இன்று அவரை "அக்கா" என்று கூப்பிட்டாள். மேடம் என்று கூப்பிட்டவள்தான்.

20 மார்ச், வெள்ளி

மத்தியானச் சாப்பாடு என்றால் அக்காவும் நானும் மட்டும்தான். அவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, என் குழம்பு அவருக்கும் அவர் பொரியல் எனக்குமாகப் பல வருடப் பழக்கம். என் பாடத்தில் அவர் கண்ட பிழையை அங்கேதான் சொல்வார். அவர் போட்ட வினாத்தாளில் நான் கண்ட பிழையையும் அங்கேதான் சொல்வேன். அந்தக் கதவுக்கு வெளியே ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்ததில்லை.

இன்று போனால் மூன்றாவது நாற்காலி கிடக்கிறது. ஜெஸிந்தா தேங்காய்ச் சாதம் கொண்டு வந்திருந்தாள். அக்கா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் நீட்டினாள். வயிறு சரியில்லை என்றேன்.

மாலையில் அவர்கள் இருவரும் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஜெஸிந்தா தாள்களைக் கவிழ்த்தாள். நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. சாக்பீஸ் எடுக்கத்தான் போனேன்.

2 ஏப்ரல், வியாழன்

பலகை எழுதக் கொடுக்க வேண்டும் என்பதால் இன்று ஜெஸிந்தா எண்ணை என்னிடம் சொன்னாள்.

172947529.

கணக்குக்காரர்கள் கொண்டாடுகிற டாக்ஸி எண் 1729 என்று தொடங்கினால் பாதிக் கைதட்டல் அங்கேயே விழுந்துவிடும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி.

"துண்டு துண்டா வெட்டிப் பாருங்க மேடம். 17, 29, 47, 5, 29. அஞ்சும் பகா எண். அக்கா பொறந்தது 17ஆம் தேதி, 29ஆம் வருஷம். இந்தக் காலேஜுக்குப் படிக்க வந்தது 47ல. வேலை பாத்தது 29 வருஷம்."

"நடுவுல அஞ்சு?"

சிரித்தாள். "இண்டர்மீடியட்ல மொதக் கணக்குப் பரீட்சைல அக்கா வாங்குன மார்க்கு."

நான் இருபது வருடத்துக்கு மேலாக அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள். அவர் கணக்கில் ஐந்து மார்க் வாங்கிய கதை எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஏற்பட்டதைப் பொறாமை என்று எழுதினால் பெரிய வார்த்தையாகிவிடும். காது மட்டும் சுட்டது.

முக்கியமான குணம் இனிமேல்தான். துண்டுகள் மட்டும் இல்லை, முழு எண்ணுமே பகா எண் என்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். 300 வரை உள்ள எல்லாப் பகா எண்ணாலும் வகுத்தாயிற்றாம், எதிலும் மிச்சமில்லாமல் போகவில்லையாம். அதற்கு மேல் அடுக்குச் சோதனை செய்தாயிற்றாம். அடுக்குச் சோதனை என்பது இதுதான்: பகா எண் ஒன்றை எடுத்து, அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 நிற்கும். 2-க்குப் பதில் 3, 5, 7 போட்டாலும் அப்படியே. இந்த எண்ணுக்கு நான்கிலும் மீதி 1 நின்றதாம்.

இதைத் திருப்பிப் போட்டுச் சொல்லக் கூடாது. மீதி 1 நின்றும் பகா எண்ணாக இல்லாமல் ஏமாற்றுகிற எண்கள் உண்டு. ஆனால் நான்கு சோதனையிலும் ஏமாற்றுவது அபூர்வம். எங்கள் துறைக் கால்குலேட்டரில் எட்டு இலக்கத்துக்கு மேல் தெரியாது. ஒன்பது இலக்க எண்ணை நான்கு தடவை இப்படிச் சோதிப்பதென்றால் கையால் மூட்டை மூட்டையாகப் பெருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இவளுக்கா என்று ஆச்சரியமாக இருந்தது.

"ரொம்ப நல்லாருக்கு ஜெஸிந்தா" என்றேன்.

4 ஏப்ரல், சனி

விடுமுறை. தலைமை வகிக்கிறவள் எண்ணைச் சரிபார்ப்பது கடமை என்பதால் தாளை எடுத்து உட்கார்ந்தேன். 300 வரை வகுத்தாயிற்று என்றாளே, அதற்கு அடுத்த பகா எண் 307.

307-ஆல் வகுத்தேன். 563347 தடவை போனது. மீதி பூஜ்யம்.

மறுபடியும் வகுத்தேன். மறுபடியும் பூஜ்யம். முதல் எண்ணிலேயே! இன்னும் ஒரே ஒரு வகுத்தல் செய்திருந்தால் அவளே பிடித்திருப்பாள். நான் அடுக்களையில் தனியாக நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, "லாட்டரி விழுந்துட்டா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் 563347-ஐ விடவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சாயங்காலத்துக்குள் அதுவும் உடைந்தது. 613, 919.

307 × 613 × 919. பகா எண்ணாம்!

6 ஏப்ரல், திங்கள்

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அங்கே மூன்றாவது நாற்காலி.

ஜெஸிந்தா கை கழுவப் போன சமயத்தில் அக்காவே கேட்டார். "எண்ணைப் பாத்தியா? எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"குறை ஏதாவது தெரிஞ்சா சொல்லுளா. நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் எண்ணைப் பற்றி இவருக்கு என்ன இவ்வளவு கவலை? என் பலகை எதற்கும் இப்படி முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. "இன்னும் உட்கார்ந்து பாக்கல அக்கா, விடைத்தாள் திருத்துத வேலை" என்றேன்.

மறுப்புச் சொல்வதற்கென்று சபையில் ஒரு நேரம் இருக்கிறது. முறைப்படி அங்கேதான் சொல்ல வேண்டும்.

14 ஏப்ரல், செவ்வாய்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் தனியாகத்தான் இருக்கிறார். அலமாரித் தட்டுகளில் புதிதாகத் தாள் விரித்திருந்தார். ஊறுகாய் பாட்டிலைத் தூக்கினால் அடியில் பெருக்கல். பருப்பு டப்பாவைத் தூக்கினால் அதன் அடியிலும் பெருக்கல். ஒன்பது இலக்க எண்கள், வரி வரியாக, எல்லாம் அக்காவின் கையெழுத்து. சில தாள்கள் பழுப்பேறியே போயிருந்தன.

ஆக, ஜெஸிந்தாவின் எண்ணை அக்காவே உட்கார்ந்து சோதித்துக் கொடுத்திருக்கிறார்! அவளுக்காக இவ்வளவு தாள்! எனக்குப் பச்சடிக் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

"என்ன முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்டார்.

"வெயில்" என்றேன்.

22 ஏப்ரல், புதன்

பெயின்டர் பலகை எழுத வந்தார். சீட்டைப் பார்த்துக்கொண்டே, "நம்பர் சரிதானே டீச்சர்? எனாமல் காஞ்சிட்டா அழிக்கது கஷ்டம்" என்றார்.

"சரிதான். எழுதுங்க" என்றேன்.

மஞ்சள் எழுத்து எடுப்பாகத் தெரிந்தது.

29 ஏப்ரல், புதன்

நாளைக்கு உடுத்த மாம்பழக் கலர் பட்டு. இஸ்திரி போட்டாயிற்று. 307, 613, 919 மூன்றையும் ஒரு சின்னச் சீட்டில் எழுதி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளப் போகிறேன். எத்தனையோ நாளாக மனப்பாடம்தான். இருந்தாலும் பதற்றத்தில் மறந்துவிடக் கூடாது.

30 ஏப்ரல், வியாழன்

முடிந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. முதல்வர், பழைய மாணவிகள், பக்கத்துக் கல்லூரிக் கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஜெஸிந்தா நீலப் புடவையில் நின்று எண்ணை வாசித்தாள். 1729 வந்ததும் கைதட்டல். ஐந்து மார்க்குக்குச் சிரிப்பு. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தார். கடைசியில், "இந்த எண்ணை எதனாலும் உடைக்க முடியாது, இது பகா எண்" என்றாள் ஜெஸிந்தா. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எழுந்தேன். "மறுப்பு உண்டா?" என்று கேட்டேன். வழக்கம்போல் யாரும் அசையவில்லை. நாதஸ்வரக்காரர் ஊதத் தயாராகிவிட்டார்.

"எனக்கு உண்டு" என்றேன்.

முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இழுத்து, "இது பகா எண் இல்லை. 307-ஆல் வகுபடும்" என்றேன். சிரிப்பு நின்றது. ஜெஸிந்தா என்னைப் பார்க்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தது அக்காவை. வாயைத் திறக்கப் போனாள், அக்கா கையமர்த்தினார்.

அப்புறம் அக்கா தானே எழுந்து கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸ் எடுத்து வகுத்தார். அவ்வளவு பேருக்கு முன்னால், ஒவ்வொரு இலக்கமாக, அவசரமே இல்லாமல் வகுத்தார். மீதி பூஜ்யம் வந்தது. "563347 இன்னும் உடையுமா?" என்று பலகையைப் பார்த்தபடியே கேட்டார். 613, 919 என்றேன். மூன்றையும் வரிசையாக எழுதினார். 307, 613, 919.

எழுதிவிட்டு அப்படியே நின்றார். கை நடுங்கியதைப் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, சாக்பீஸை என்னிடம் நீட்டியபடி கேட்டார்.

"வேற ஏதாவது இருக்கா, ஆவுடை?"

அவமானத்தில் கேட்கிறார் என்று புரிந்தது. இன்னும் என்னவெல்லாம் சொல்லி மானத்தை வாங்கப் போகிறாய் என்று கேட்கிறார். "இல்லக்கா. அவ்வளவுதான்" என்றேன்.

சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பலகையை மாட்டவில்லை. முதல்வர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். காபி கொடுத்தார்கள். அக்கா எல்லோரிடமும் விடைபெற்றார். என்னிடமும்தான்.

ஜெயித்துவிட்டேன் என்று எழுத நினைத்துத்தான் நோட்டை எடுத்தேன்.

1 மே, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. தலைவலி.

4 மே, திங்கள்

தலைவியின் நாற்காலியில் முதல் நாள். உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஜெஸிந்தா வீட்டுக்கே வந்துவிட்டாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வருத்தம் தெரிவிக்க ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அது என் எண்ணு இல்ல மேடம்" என்றாள். "நானும் நாள் கணக்குல தேடுனேன். எதை எடுத்தாலும் வகுபட்டுப் போச்சு. அழுதுட்டேன். அப்பதான் அக்கா, எங்கிட்ட ஒண்ணு இருக்கு, நீ வாசின்னு குடுத்தாங்க. எத்தனையோ வருஷமா செஞ்சு வச்சதாம். தனக்குத்தானே எண் சூட்டிக்கிட்டான்னு சிரிப்பாங்க, யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க. மேடைல சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். வேண்டாம்னுட்டாங்க."

அலமாரியில் விரித்த பழுப்புத் தாள்கள். ஜெஸிந்தாவைப் பார்த்து எறிந்த கல், அக்கா மேல் விழுந்திருக்கிறது. அவருடைய கடைசி நாளில், அவர் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே பொருளின் மேல் விழுந்திருக்கிறது.

"நான் அதுக்கு வரல" என்றாள் அவள். பையிலிருந்து தாளை எடுத்தாள். "இதைப் பாருங்க. 307, 613, 919. மூணுலயும் ஒண்ணக் கழிச்சா 306, 612, 918."

அவள் மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 172947528. அதை 306-ஆல் வகுத்தால் மிச்சமில்லை. 612-ஆல் வகுத்தாலும் இல்லை, 918-ஆல் வகுத்தாலும் இல்லை. அப்படியானால் இது அடுக்குச் சோதனையை முழுக்க ஏமாற்றுகிற கார்மைக்கேல் எண். அடுக்குச் சோதனையில் 2, 3, 5, 7 மட்டும் இல்லை, அந்த மூன்று காரணிகளில் மாட்டாத எந்த எண்ணைப் போட்டாலும் மீதி 1 நிற்கும். அக்கா ஆயுசு முழுக்க அப்படிச் சோதித்துக்கொண்டே இருந்திருந்தாலும் பகா எண் என்றுதான் பதில் வந்திருக்கும். ஒன்பது இலக்கத்தில் பகா எண்கள் கோடிக்கணக்கில் உண்டு. இந்த மாதிரி எண்கள் சில நூறுதான். ஒருவர் தன் வாழ்க்கையைத் துண்டு துண்டாகக் கோத்துச் செய்த எண் இப்படி அமைவதென்றால், அதை என்ன சொல்ல.

"நீங்களே போய் அக்காட்ட சொல்லுங்க மேடம்" என்றாள் ஜெஸிந்தா. "நீங்க கண்டுபிடிச்சதாவே சொல்லுங்க. அவங்களுக்கு அதுதான் சந்தோஷமா இருக்கும்."

இவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. இவ்வளவு நல்லவளாக இருப்பதனால் கூடுதலாகப் பிடிக்கவில்லை.

5 மே, செவ்வாய்

பஸ்ஸில் போகும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "அக்கா, ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்" என்று தொடங்குவதாக ஏற்பாடு.

அக்கா மொட்டை மாடியில் மோர் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். "வா" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மிளகாயைப் புரட்டிப் போட்டேன். சுற்றி வளைக்காமல் 306, 612, 918 என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் புரட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடித்ததும் கேட்டார்:

"யாரு பாத்தது?"

ஒத்திகை பார்த்தபடி சொல்ல வரவில்லை. "ஜெஸிந்தா" என்றேன்.

"எப்ப?"

"நேத்து."

முகம் முழுக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டியது. அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"நான் அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார் அக்கா. "போர்டுல மூணையும் எழுதி முடிச்சவுடனே தெரிஞ்சிபோச்சு. எனக்குக் கையெல்லாம் நடுங்கிட்டு. பகா எண் போனாப் போகுது, அதைவிடப் பெருசுல்லா கெடச்சிருக்கு! நீதான் உடைச்ச. நீயே சொல்லட்டும்னுதான் சாக்பீஸை நீட்டிக்கிட்டு நின்னேன். உன் கையாலதான் எனக்கு எண்ணுன்னு இருந்தா நல்லதுதானேன்னு நினைச்சேன். வேற ஏதாவது இருக்கான்னு கேட்டேம்லா?"

நான் மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மூணும் உனக்கு எப்ப கெடச்சுது?"

முந்தின நாள்தான் என்று சொல்லியிருக்கலாம். "ஏப்ரல் நாலாம் தேதி" என்றேன்.

அவர் பாயில் கிடந்த மிளகாய் முழுவதையும் புரட்டி முடித்தார். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"எங்கிட்ட சொல்லாம சபையில சொன்னது போட்டும். மனுஷிக்கு ஆங்காரம் வரத்தான் செய்யும், எனக்கும் வந்திருக்கு" என்றார். "மூணையும் அவ்வளவு நாளு கையில வச்சிருந்திருக்க. அதைப் பாக்கலையேளா நீ."

தினமும் பார்த்தேன். 307-ஐப் பார்க்கும்போதெல்லாம் ஜெஸிந்தாவின் முகம் மேடையில் எப்படிக் கறுக்கும் என்றுதான் பார்த்தேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

"அந்தப் பிள்ளைய சாயங்காலம் வரச் சொல்லு" என்றார். "பலகைல என்ன எழுதணும்னு பேசணும்."

திரும்பும் வழியில் ஆசிரியைகள் விடுதியில் இறங்கி ஜெஸிந்தாவிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீங்களும் வாறீங்கள்லா மேடம்?" என்று கேட்டாள்.

"அந்தப் பிள்ளைய சாயங்காலம் வரச் சொல்லு" என்று அக்கா சொன்னதை வார்த்தை வார்த்தையாக யோசித்துப் பார்த்தேன்.

"வீட்டுல வேலை கெடக்கு" என்றேன்.